தேக்கும் உளுக்குமா?

கேள்வி: திருநெல்வேலி வாசகர், 2022 ஜூலை 3

அண்ணாச்சி, போன வருடம் மகள் கல்யாணத்துக்குத் தேக்குக் கட்டில் செய்து கொடுத்தோம். இப்போது தினமும் கட்டிலுக்கு அடியில் வெள்ளையாக மாவு கொட்டிக் கிடக்கிறது. பக்கச் சட்டத்தில் குண்டூசி நுழையும் அளவுக்குத் துளைகள். தேக்கு உளுக்காது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அப்படியானால் இது தேக்கே இல்லை, ஆசாரி ஏமாற்றிவிட்டார் என்பது என் கட்சி. பூச்சி மருந்து அடிக்கிறவர் வந்து பார்த்துவிட்டு, தரையைச் சுற்றித் துளை போட்டு வீடு முழுக்க மருந்து விட வேண்டும் என்கிறார். செய்யலாமா?

2022 ஜூலை 3, இரவு

வேண்டாம். தரையில் துளை போட்டு ஊற்றும் மருந்து மண்ணிலிருந்து ஏறி வரும் கரையானுக்கு உரியது. உங்கள் கட்டிலில் இருப்பது மண்ணையே பார்த்திராத பூச்சி. தரைக்கு மருந்து விட்டால் தரைக்குத்தான் நல்லது.

அந்த மாவை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். மைதா போல நரநரப்பே இல்லாமல் வழுக்கினால் லிக்டஸ் இன வண்டு. துளை ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். கசகசா போலக் குருணை குருணையாக உருண்டால் வேறு கதை, அதைப் பிறகு சொல்கிறேன். மண் கலந்து ஈரமாக ஒட்டினால் கரையான்.

ஆசாரியிடம் சண்டைக்குப் போகும் முன் இன்னொன்றையும் பாருங்கள். துளைகள் சட்டம் முழுக்கப் பரவியிருக்கின்றனவா, அல்லது ஓர் ஓரமாக, வெளிறிய பட்டை ஒன்றிலேயே வரிசையாக இருக்கின்றனவா? தேக்கு உளுக்காது என்று பெரியவர்கள் சொன்னது வைரத்தை, அதாவது நடுக்கட்டையைப் பற்றி. அதைச் சுற்றியுள்ள வெள்ளையைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை.

2022 ஜூலை 4

படம் கிடைத்தது. நினைத்தபடியே இருக்கிறது. சட்டத்தின் கீழ் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை ஓடுகிறது. மேலே கருஞ்சிவப்புச் சாயம் பூசி மறைத்திருக்கிறார்கள். துளைகள் அந்தப் பட்டையை விட்டு ஓர் அங்குலம்கூடத் தாண்டவில்லை. இது தேக்குதான்.

நாகர்கோவிலில் ஒரு மரக்கடையில் நெடுநாள் கணக்கெழுதியவன் நான். இழைப்புளி பிடிக்கத் தெரியாது, ஆனால் எந்தக் கட்டையை எந்த விலைக்கு, என்ன சொல்லி விற்றார்கள் என்பது தெரியும். தேக்கை அறுக்கும்போது நடுவில் பழுப்புப் பொன்னிறத்தில் வைரம், சுற்றிலும் வெளிறிய வெள்ளை. வைரத்தில் மரம் தானே சேர்த்து வைத்த காப்புப் பொருள்கள் இருக்கின்றன. டெக்டோகுவினோன் என்பது அதில் ஒன்று. கரையானே அதைத் தொடத் தயங்கும். வெள்ளை என்பது மரம் உயிரோடிருந்தபோது சாறு ஓடிய பகுதி. அங்கே மாவுச்சத்து சேர்ந்திருக்கும். லிக்டஸ் புழுவுக்குச் சாப்பாடு அந்த மாவுச்சத்துதான். மரநாரைச் செரிக்கும் திறன் அதற்கு இல்லை. அதனால்தான் உள்ளே தின்றது போக மீதியை மாவாகத் தள்ளுகிறது.

தோட்டத்தில் வளர்த்து இளசாக வெட்டும் தேக்கில் தடிக்கு ஏற்ற வைரம் இருக்காது, வெள்ளைதான் கூடுதல். கன அடிக் கணக்கில் விலை கொடுத்து வாங்கிய கட்டையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துப் போட எந்தக் கடைக்காரருக்கு மனம் வரும்? சாயம் இருக்கிறதே.

2022 ஜூலை 4, மாலை

கட்டில் வீட்டுக்கு வந்தபோது ஒரு துளைகூட இல்லையாம், எனவே பூச்சி மகள் வீட்டிலிருந்துதான் ஏறியது என்று சம்பந்தி வீட்டில் பேச்சு நடக்கிறதாம். இதனால் குடும்பம் உடைய வேண்டாம், விளக்கிவிடுகிறேன்.

நீங்கள் பார்க்கும் துளை பூச்சி நுழைந்த வழி அன்று, வெளியேறிய வழி. தாய் வண்டு துளை போட்டு முட்டையிடுவதில்லை. மரத்தின் குறுக்கு வெட்டில் தெரியும் நுண்குழாய்களுக்குள் முட்டைகளைச் செருகிவிடும். அதற்கு முன் மரத்தைக் கடித்து மாவுச்சத்து இருக்கிறதா என்று சோதிக்கும். (நம் ஆட்கள் இந்த அளவுக்குப் பார்த்து மரம் வாங்கினால் கடைக்காரர்கள் பாடு திண்டாட்டம்.) புழு உள்ளேயே தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாகி, பாலிஷையும் துளைத்துக்கொண்டு வெளியே வரும். நம் ஊர் வெப்பத்தில் சில மாதங்களில் இது முடியும். சத்துக் குறைந்த கட்டையில் ஓராண்டுக்கு மேலும் இழுக்கும். ஆகவே முட்டை விழுந்தது மரக்கடையில் அல்லது பட்டறையில். மகள் வீட்டின் மீது பழி போட இடமில்லை. பாலிஷ் போட்ட பரப்பில் இந்த வண்டால் முட்டையிடவும் முடியாது.

2022 ஜூலை 6

"பாலிஷ் போட்ட பரப்பில் முடியாது" என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு, அப்படியானால் வெளியே வந்த வண்டு எங்கே போகும், தானே செத்துவிடாதா என்று மதுரை வாசகர் கேட்கிறார். நம் கட்டில்களைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறீர்களா? மேல்பக்கம் முகம் பார்க்கலாம், அடிப்பலகையிலும் சட்டத்தின் உள்பக்கத்திலும் வெறும் மரம். காலின் அடியில் குறுக்கு வெட்டு அப்படியே திறந்து கிடக்கும். தாய் வண்டுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? பழைய துளைகளுக்குள்ளேயும் முட்டையிடும்.

2022 ஜூலை 9

மாவு விழுகிறது என்பதால் மட்டும் பூச்சி உயிரோடு இருக்கிறது என்று சொல்ல முடியாது. செத்துப்போன துளைகளிலும் பழைய மாவு அடைந்திருக்கும். கட்டிலை நகர்த்தினால், பேரன் மேலே குதித்தால், அது உதிரும். எனவே: துளைகளைத் தூரிகையால் சுத்தமாகத் தட்டிவிட்டு, ஒவ்வொரு துளையையும் சுற்றிப் பென்சிலால் வட்டமிடுங்கள். அடியில் கறுப்புத் தாள் விரியுங்கள். பிறகு கட்டிலை ஆட்டாமல் விட்டுவிட்டு, வட்டம் இல்லாத புதிய துளை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. புதிய துளையின் விளிம்பு கூராக, உட்புறம் புதுமர நிறத்தில் இருக்கும். பழையது மங்கி அழுக்கேறியிருக்கும்.

2022 ஜூலை 10

குருணைக் கதையைச் சொல்வதாக எழுதியிருந்தேன். தூத்துக்குடியிலிருந்து ஒருவர் படம் அனுப்பியிருக்கிறார், ஜன்னல் நிலைக்குக் கீழே பழுப்புக் குருணை சின்னக் குவியலாக. இது வண்டே அன்று, உலர்மரக் கரையான். மண் குழாய் கட்டாது, ஈரம் தேடாது, நிலத்தோடு தொடர்பே வேண்டாம். ஒரே கட்டைக்குள் குடித்தனம் நடத்தும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு குருணைக்கும் ஆறு பக்கம் தெரியும். இதற்கும் தரை மருந்தால் பயனில்லை. அந்தக் கட்டையைக் கழற்றுவது, அல்லது துளையிட்டுக் கட்டைக்குள்ளேயே மருந்து செலுத்துவது, இரண்டுதான் வழி.

எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, ஒரே விலை என்று சொல்பவரிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "என்ன பூச்சி என்று பெயர் சொல்லுங்கள்." எங்கள் தெருவுக்கு வந்த ஒருவர் "மரப்பூச்சி" என்றார். காசு கொடுக்காமல் மோர் கொடுத்து அனுப்பினோம்.

2022 ஜூலை 13

ரப்பர் மரம் பற்றி இத்தனை பேர் கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. குமரி மாவட்டத்துக்காரனிடம் கேட்டால் சும்மா விடுவானா!

பால் வற்றிய ரப்பர் மரத்தை இருபத்தைந்து, முப்பது வருடத்தில் வெட்டுகிறார்கள். ஒரு காலத்தில் அது அடுப்புக்கும் செங்கல் சூளைக்கும்தான் போனது. காரணம் எளிது. அதில் வைரம் என்று தனியாக ஒன்றும் இல்லை, முழுக் கட்டையும் வெள்ளை, முழுக்க மாவுச்சத்து. வெட்டிப் போட்ட சில நாளில் பூஞ்சை பிடித்து நீலம் பாயும். அடுத்து வண்டு வரும். லிக்டஸ் மட்டும் அன்று, சைனாக்சிலான், ஹெட்டரோபோஸ்ட்ரைக்கஸ் என்று கொஞ்சம் பெரிய துளை போடும் உறவினர்களும் வருவார்கள்.

இன்று அதே மரத்தில் சாப்பாட்டு மேசை செய்து நல்ல விலைக்கு விற்க முடிகிறதென்றால், அதற்குக் காரணம் போராக்ஸும் போரிக் அமிலமும். அறுத்த பலகைகளை உருளைக்குள் அடைத்து, காற்றை உறிஞ்சி, கரைசலை அழுத்தத்தோடு உள்ளே செலுத்துவார்கள். பிறகு சூளையில் உலர்த்துவார்கள். இதை ஒழுங்காகச் செய்தால் ரப்பர் மரம் நல்ல மரம், நான் குறை சொல்ல மாட்டேன். பூச்சோடு நிறுத்திவிட்டு "ட்ரீட்மென்ட் செய்தது" என்று விற்பதும் நடக்கிறது. கரைசல் மேலாக மட்டும் ஏறியிருந்தால், ஆசாரி அதை அறுத்து இழைக்கும்போது மருந்தில்லாத உட்பகுதி வெளியே வந்துவிடும். இன்னொன்று, போராக்ஸ் போன்ற போரான் உப்பு நீரில் கரையும். எனவே ரப்பர் மரச் சாமானை மழை படும் திண்ணையில் போடாதீர்கள்.

2022 ஜூலை 13, சற்றுப் பிறகு

மாவுச்சத்து இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், டிங்சர் அயோடின் ஒரு சொட்டு. புதிதாக இழைத்த இடத்தில் விட்டால் மாவுச்சத்து உள்ள பகுதி கருநீலமாக மாறும். பள்ளியில் உருளைக்கிழங்கில் செய்த அதே சோதனை. மரக்கடையில் செய்தால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், செய்யுங்கள்.

2022 ஜூலை 17

இரவில் கட்டிலுக்குள் "டக் டக்" என்று தட்டும் ஓசை, மரண வண்டு என்று இணையத்தில் படித்தேன், பயமாக இருக்கிறது என்கிறார் ஒரு சகோதரி. அம்மா, அந்த வண்டு நம் ஊரில் இல்லை. அது ஐரோப்பியக் குடிமகன். பூஞ்சை பிடித்து இளகிய ஓக் மரம் வேண்டும் அதற்கு. இணையைக் கூப்பிடத் தலையை மரத்தில் மோதும். நோயாளியின் பக்கத்தில் இரவு கண்விழித்தவர்கள் அமைதியில் அந்த ஓசையைக் கேட்டதால் மரணத்தோடு முடிச்சுப் போட்டார்கள். உங்கள் கட்டில் தட்டுவது, பகல் சூட்டில் விரிந்த மரம் இரவில் சுருங்குவதாக இருக்கும்.

ஆனால் அந்த வண்டுக்கு ஒரு கதை உண்டு. அதில் நம் நாட்டுத் தொடர்பும் இருக்கிறது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் ஓக் கூரை 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில், இரண்டாம் ரிச்சர்ட் மன்னன் காலத்தில், ஹியூ ஹெர்லண்ட் என்ற தலைமைத் தச்சர் அமைத்தது. நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறிப் பார்த்தால் உத்திரங்கள் உள்ளே குடைந்து கிடந்தன. ஃபிராங்க் பெய்ன்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1914-இல் தொடங்கி 1923 வரை, எஃகுச் சட்டங்களை மரத்துக்குப் பின்னால் மறைத்து வைத்துக் கூரையைக் காப்பாற்றினார். வண்டைக் கொல்ல மருந்து தேடும் வேலை ஹரால்ட் மேக்ஸ்வெல் லெஃப்ராய் என்பவரிடம் வந்தது. அவர் அதற்கு முன் பீகாரில் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் இந்திய அரசின் பூச்சியியல் அறிஞராக இருந்தவர். 1925-இல் அவர் தொடங்கியதுதான் பிற்காலத்தில் உலகெங்கும் பெயர் பெற்ற ரென்டோகில் என்ற பூச்சி ஒழிப்பு நிறுவனம். அதே ஆண்டு, ஆய்வுக்கூடத்தில் பூச்சிகளைக் கொல்ல ஒரு வாயுவைச் சோதித்துக்கொண்டிருந்தபோது அந்த வாயுவே அவரைக் கொன்றது.

இதை வெறும் கதைக்காகச் சொல்லவில்லை, அடுத்த குறிப்புக்கு இது தேவைப்படுகிறது.

2022 ஜூலை 18

யாரோ அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் கட்டிலுக்கு அடியில் வைத்துப் போர்வையால் மூடலாம் என்று யோசனை எழுதியிருக்கிறார். தயவுசெய்து செய்யாதீர்கள். ஈரக்காற்று பட்டால் அது பாஸ்ஃபீன் வாயுவை விடும். நெல் கிடங்குகளுக்கு, பயிற்சி பெற்றவர் கையில் மட்டும் இருக்க வேண்டியது. கதவிடுக்கு வழியாகப் பக்கத்து அறைக்கும் போகும். வீட்டுக்குள் அதை வைத்துத் தூங்கிய குடும்பங்கள் செத்திருக்கின்றன. ஒரு கட்டிலுக்காக அந்த விலை கொடுக்க வேண்டாம்.

2022 ஜூலை 20

சரி, என்னதான் செய்வது? தொடங்கி வைத்தவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்று அவரே இடித்துரைக்கிறார்.

உங்கள் கட்டிலில் வெள்ளை ஓடுவது ஒரு சட்டத்தில் மட்டும். அதைக் கழற்றி வைரக் கட்டையில் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ஆசாரி நாணயமானவராக இருந்தால் கூலி வாங்காமல் போடுவார். மாற்ற முடியாது என்றால், அந்தப் பட்டையின் பாலிஷை முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டு, போராக்ஸ்-போரிக் கரைசலைச் சில முறை பூசி, காய்ந்தபின் அடிப்பக்கம் உட்பட எல்லாப் பக்கமும் பாலிஷ் போடலாம். பாலிஷுக்கு மேலேயே பூசினால் தரைதான் நனையும். எண்ணெயில் கரைத்த பெர்மெத்ரின் மருந்தை ஊசியால் துளைக்குள் விடுவதும் உண்டு. அது போய்ச் சேரும் சுரங்கத்தில் இருப்பதைக் கொல்லும், சேராத சுரங்கத்தில் இருப்பது அடுத்த ஆனியில் வெளியே வந்து உங்களை விசாரிக்கும்.

மண்ணெண்ணெய்: நாற்றமும் தீ அபாயமும் மிச்சம். வேப்பெண்ணெய்: விரட்டும், உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லாது. வெயிலில் போடுவது: பூச்சி சாக, சரக்கு அடைக்கும் மரப்பெட்டிகளுக்கான பன்னாட்டு விதிப்படி கட்டையின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்க வேண்டும். பாளையங்கோட்டை வெயிலிலும் தடித்த சட்டத்தின் நடு அந்தச் சூட்டை எட்டுமென்று நம்பாதீர்கள், பலகை வளைவதுதான் நடக்கும். சின்னச் சாமான்கள், பொம்மை, படச் சட்டம் என்றால் பாலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 அல்லது 20 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைக்கலாம். அருங்காட்சியகங்கள் செய்வது இதே முறையைத்தான்.

2022 ஜூலை 21

வீடு முழுக்க மருந்து வேண்டாம் என்று முதல் நாள் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். புது வீடு கட்டி, கட்டில் செய்த அதே லாட் மரத்தில் நிலை, கதவு, அலமாரி எல்லாம் போட்டிருந்தால், அத்தனையையும் கவிழ்த்தும் குனிந்தும் பாருங்கள். மருந்துக்காக அன்று, வெள்ளை எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள.

2022 ஜூலை 27

மூங்கில் தட்டி போட்டவர் கேள்விக்கு: தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்பது எங்கள் பக்கத்திலும் உண்டு. நிலவைப் பற்றி நான் வழக்காட மாட்டேன். மூங்கிலில் மாவுச்சத்து பருவத்துக்கு ஏற்பக் கூடும் குறையும் என்பது உறுதி. குருத்து விடும் காலத்துக்கு முன் உச்சத்தில் இருக்கும். டைனோடெரஸ் என்ற பொடி வண்டு அதற்காகவே காத்திருக்கும். வெட்டிய மூங்கிலைச் சில வாரம் குளத்தில் அல்லது ஓடையில் அமிழ்த்தி வைத்தார்களே, அதில் மாவுச்சத்தும் சர்க்கரையும் கரைந்தும் புளித்தும் போய்விடும். நாற்றம் தாங்காது, மூங்கில் தாங்கும். அடுப்படிப் பரணில் புகை ஏறிக் கறுத்த மூங்கிலை வண்டு தொடாததையும் பார்த்திருப்பீர்கள். எரிவாயு அடுப்பு வந்தபின் அந்த வசதி போயிற்று.

கடலோரத்தில் கழுக்கோலுக்கும் (கூரைச் சட்டம்) வள்ளத்துக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவார்கள். நல்ல காப்பு. கறுப்பேறும், தோலில் பட்டால் புண்ணாகும், எனவே கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

2022 ஆகஸ்ட் 2

பழைய வீட்டை வாங்கப் போகிறவர் ஒருவர், மச்சு முழுக்கப் பொடித்துளை, விட்டுவிடலாமா என்கிறார். என் மாமனார் வீட்டு மச்சும் அப்படித்தான். அயினி மர உத்திரம், பலாப் பலகை, ஓரங்களில் வெள்ளை இருந்த இடமெல்லாம் சல்லடை. ஆனால் ஒரு துளைகூடப் புதிதில்லை. மரம் வயதாக ஆக வெள்ளையில் மாவுச்சத்து குறைந்துகொண்டே போகும், லிக்டஸுக்கு அங்கே வேலை இல்லாமல் போகும். கத்தி முனையால் குத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்குள் கெட்டி மரம் தட்டுப்பட்டால் உத்திரம் இன்னும் சுமக்கும். அந்த வீட்டை இடித்து விற்றபோது உத்திரங்களை வாங்கப் போட்டி போட்டார்கள். மேல் வெள்ளையைச் செதுக்கிவிட்டு அப்படியே புது வீட்டில் ஏற்றினார்கள்.

2022 ஆகஸ்ட் 3

மேலே சொன்னது லிக்டஸுக்குத்தான். நீள்கொம்பு வண்டு இனத்தில் ஸ்ட்ரோமேஷியம் என்று ஒன்று நம் நாட்டில் உண்டு. அது நன்றாகக் காய்ந்த மரத்திலேயே முட்டையிடும், புழு ஆண்டுக்கணக்கில் உள்ளே இருக்கும், வெளியேறும் துளை பெரிதாக, நீள்வட்டமாக இருக்கும். மச்சில் சுண்டுவிரல் நுனி நுழையும் நீள்வட்டத் துளை கண்டால், அமைதியான நேரத்தில் காதை வைத்துக் கேளுங்கள். கரகரவென்று அரைக்கும் ஓசை வந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், தெரிந்த தச்சரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

2022 ஆகஸ்ட் 5

பனங்கையில் (பனைமரக் கூரைச் சட்டம்) கச்சிதமான வட்டத் துளை, கீழே மரத்தூள், பெரிய கருவண்டு ஒன்று முறைத்துக்கொண்டே பறக்கிறது என்பவருக்கு: அது தச்சுத் தேனீ. மரத்தைத் தின்னாது, முட்டையிட அறை கட்டும். நீங்கள் வளர்க்கும் பூசணிக்கு மகரந்தம் கொண்டுவருவதிலும் அதற்குப் பங்கு உண்டு. அது வெளியேறியபின் துளையை மரக் குச்சியால் அடைத்து வண்ணம் பூசுங்கள். மட்டையை எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம்.

2022 ஆகஸ்ட் 19

பச்சை நிறமேற்றிய மரம் உளுக்காதாமே, அதில் கட்டில் செய்யலாமா என்று கோவையிலிருந்து கேள்வி. அந்தப் பச்சை தாமிரம், குரோமியம், ஆர்சனிக் கலவை. 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சொண்டி காமேசம் கண்டுபிடித்தது. உலகம் முழுக்க மின்கம்பங்களையும் வேலிக் கால்களையும் அதுதான் காப்பாற்றியது. ஆர்சனிக் இருப்பதால் அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோக மரங்களில் அதைக் கைவிட்டார்கள். வேலிக்குப் போடுங்கள். கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் வேண்டாம். மிச்சத் துண்டுகளை அடுப்பில் எரிக்கவே கூடாது, சாம்பலில் ஆர்சனிக் இருக்கும்.

2022 செப்டம்பர் 11

ஆசாரி சட்டத்தை மாற்றிக் கொடுத்துவிட்டாராம். கூலி வாங்கவில்லை, மரத்துக்கு மட்டும் பாதி விலை. நியாயம்தான், அவரும் கடையில் ஏமாந்தவரே. கழற்றிய சட்டத்தைப் பட்டறை மூலையில் சாத்தி வைக்க விடாதீர்கள். அங்கிருந்து அடுத்தவர் கட்டிலுக்குப் போகும். அன்றே எரித்துவிடச் சொல்லுங்கள், சாதாரண தேக்குதான், பயமில்லை.

ப்ளைவுட் பற்றிக் கேட்ட மூவருக்கும் சேர்த்து: உள்ளே இருக்கும் அடுக்குகள் எந்த மரம் என்று கடைக்காரருக்கே தெரியாது, எனவே முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர எண் அச்சிட்டது காப்பு மருந்து ஏற்றிய வகை. சமையலறை அலமாரிக்கு அதை வாங்குங்கள். அறுத்த விளிம்புகளை வெறுமனே விடாமல் அன்றைக்கே அடைத்து ஒட்டச் சொல்லுங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று முத்திரை இல்லாததை வாங்கிவிட்டு, அடுத்த வருடம் மாவோடு வந்து என்னிடம் நிற்காதீர்கள்.